வீட்டிலேயே தைக்கலாம் துணிப்பை

(பண்ணை மகளிர் மற்றும் உழவர் கூட்டம் ஒன்றில் மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



துணிப்பை தைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற இடத்தில் பை தைப்பதற்கு என்ன வேலை என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நினைக்கலாம். அவர்களுக்காக முதலில் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தகப்பனார் வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருந்தது. மூன்றாம் ஈற்று. நன்றாகக் கறந்துகொண்டிருந்த மாடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைக் குறைத்தது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அசைபோடுவது நின்றுபோயிற்று. வயிறு உப்பும்; மருந்து கொடுத்தால் இறங்கும்; நாலு நாள் கழித்து மறுபடியும் உப்பும். வெற்றிலையும் மிளகும் ஓமமும் இடித்துக் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் கால்நடை மருத்துவர் வந்து, வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்து, அறுவை செய்தால்தான் உண்டு என்றார். அறுத்தபோது முதல் இரைப்பையிலிருந்து வெளியே வந்தது ஒரு முறம் நிறையப் பாலித்தீன் பை. முறுக்கேறி, கயிறுபோலத் திரண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மாடு ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தது. பிழைக்கவில்லை.

தெருவில் எவனெவனோ போடுகிற குப்பை என்று அப்பா திட்டிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் அந்தக் குவியலை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு பையின் வாயில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. "இது நான் போடுற முடிச்சு" என்றார்.

சந்தையிலிருந்து வந்த பையில் காய்த்தோலைப் போட்டு, ஈ மொய்க்காமல் இருக்கட்டும் என்று வாயை இறுக முடிந்து வெளியே வைப்பது அம்மாவின் வழக்கம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. ஆடு பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் வளைத்து அப்படியே உள்ளே தள்ளிவிடும். வாழைப்பழத் தோல் செரித்துவிடும். பை செரிக்காது. சாணத்தோடும் வராது. பிறகு அசையின்மை, உப்புசம், பால் வற்றல் என்று ஒவ்வொன்றாக வரும். எத்தனையோ நோய்க்கு இதே குறிதான் என்பதால் பை என்று சந்தேகிக்கவே நமக்கு நாளாகிவிடுகிறது.

நிலத்துக்கும் இதே கதைதான். வீட்டைக் கூட்டி அள்ளுவது குப்பைக்குழிக்குப் போகிறது. குழியிலிருந்து எரு வயலுக்குப் போகிறது. எருவோடு பையும் போய்ச் சேருகிறது. எரு மக்கினாலும் பை மக்குவதில்லை. கலப்பையில் சுற்றிக்கொள்ளும், கிழிந்த துண்டு மண்ணுக்குள் படுத்துக்கொண்டு தண்ணீர் இறங்குவதையும் வேர் இறங்குவதையும் தடுக்கும். கொளுத்திவிடலாம் என்றால் அந்தப் புகை நம் வீட்டுக் குழந்தைகள் சுவாசிக்கும் புகை. ஆகவே பை தைப்பது மனையியல் மட்டுமன்று. கால்நடையும் மண்ணும் இதில் அடக்கம்.

சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்பீர்கள். வந்துவிட்டது உண்மை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்யப்போவதாகத் தமிழக அரசு 2018ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் கைப்பை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அந்தத் தடைக்குள் வரும். 2021 டிசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைத்தார்கள். இருந்தும், நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கையை நீட்டினால் என்ன வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

முன்பெல்லாம் மளிகைக்குப் போகும்போது துணிப்பையும் எண்ணெய்ப் புட்டியும் கையில் இருக்கும். கடைக்காரர் பருப்பையும் புளியையும் தாளில் மடித்துச் சணல் சுற்றிப் பொட்டலமாகக் கொடுப்பார். பிறகு கைவீசிப் போவது நாகரிகம் என்று ஆயிற்று. மஞ்சப்பையோடு பேருந்தில் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூச்சப்பட்டுப் பையை விட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அதே பையை நகரத்துக் கடைகளில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது கிடக்கட்டும்.

இப்போது வீட்டில் பை இல்லாமல் இல்லை. கல்யாணத் தாம்பூலப் பை, துணிக்கடைக் கட்டைப்பை என்று கதவுக்குப் பின்னால் ஆணியில் கொத்தாகத் தொங்குகின்றன. ஆனால் தாம்பூலப் பையில் நாலு கிலோ வெங்காயம் போட்டால் கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. நடுச்சந்தையில் ஒருமுறை வெங்காயம் உருண்டு ஓடினால் மறுவாரம் யாரும் அந்தப் பையை எடுப்பதில்லை. துணிப்பை தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. மக்களுக்கு மனம் இல்லை என்று குறை சொல்வதற்கு முன் பையின் தையலைப் பார்க்க வேண்டும்.

பருத்தி பயிரிடுபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு மீட்டர் துணிக்குப் பின்னால் ஐந்து ஆறு மாதப் பயிர், தண்ணீர், உரம், மருந்து, பஞ்செடுக்கும் கூலி, அதற்குப் பிறகு ஆலைச் செலவு என்று எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரே ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புதிய பருத்திப் பையை 131 முறை பயன்படுத்திய பிறகுதான், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கில் அது ஈடாகிறது என்பது அதில் கண்ட முடிவு. மாட்டின் வயிறும் சாக்கடை அடைப்பும் அந்தக் கணக்கில் இல்லை என்பது வேறு. ஆனாலும் 131 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு சந்தை என்றால் ஆண்டுக்கு 52. அப்படியானால் பை இரண்டரை ஆண்டு உழைக்க வேண்டும். பத்துச் சந்தையில் கிழிகிற துணிப்பையைத் தைத்துக் கொடுப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, புதுத் துணி வாங்காமல், வீட்டில் உழைத்துத் தீர்ந்த துணியை எடுப்பது. அந்தப் பருத்தியின் செலவு ஏற்கெனவே வேட்டியாகவும் போர்வையாகவும் கழிந்துவிட்டது. இரண்டு, கிழியாதபடி தைப்பது.

துணியிலிருந்து தொடங்குவோம். பழைய ஜமுக்காளம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நடுவில் தேய்ந்திருந்தாலும் ஓரங்கள் கெட்டியாக இருக்கும். அடுத்தது படுக்கை விரிப்பு, தடித்த போர்வை, ஆண்களின் கால்சட்டை. நூல் சேலையும் வேட்டியும் இரண்டு மடிப்பாகப் போட்டால் ஆகும். எந்தத் துணியானாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து இருபக்கமும் இழுங்கள். நூல் விலகினால் அந்த இடத்தைத் தள்ளி வெட்ட வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் காடாத் துணி போதும். ஆனால் வாங்கியவுடன் வெட்டிவிடக் கூடாது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பை சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

துணிபோலவே இருக்கும், நெய்யாத ஒருவகைப் பையும் கடையில் கிடைக்கிறது. பார்வைக்குத் துணி, உண்மையில் அதுவும் பிளாஸ்டிக்தான். ஓரத்தில் சிறு துண்டு வெட்டித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி, தாள் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். மற்றது உருகிச் சொட்டி, ஆறியதும் மணிபோல் இறுகும்.

ஒரு சந்தைப் பைக்கு 16 அங்குல அகலம், 36 அங்குல நீளம் உள்ள ஒரே துண்டு வேண்டும். பாவு நூல் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். சுமையைத் தாங்குவது பாவுதான். முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று இரண்டு துண்டாக வெட்டி அடியில் இணைப்பது சிலருக்கு வழக்கம். அது வேண்டாம். ஒரே துண்டை மடித்தால் அடியில் தையலே இல்லை. தையல் இல்லாத இடத்தில் பிரிவதற்கும் ஒன்றும் இல்லை.

முதலில் இரண்டு முனைகளையும், அதாவது பையின் வாய்ப்பக்கத்தை, அரை அங்குலம் ஒருமுறையும் ஒன்றரை அங்குலம் மறுமுறையும் உட்புறமாக மடித்துத் தையுங்கள். இருபுறமும் சேர்ந்து 4 அங்குலம் போக 32 அங்குலம் நிற்கும். மடித்தால் பையின் உயரம் 16 அங்குலம்.

அடுத்தது கைப்பிடி. பக்கத் தையல் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு முயன்றால் இயந்திரத்துக்குள் பையைத் திணித்துக்கொண்டு சிரமப்பட வேண்டியிருக்கும். கடைப் பைகளில் கைப்பிடியின் நுனியை வாயோரத்தில் ஒட்டவைத்ததுபோல் இரண்டு தையல் போட்டு விட்டுவிடுகிறார்கள். முழுச் சுமையும் அந்த ஒரு விரற்கடை இடத்தில் தொங்குகிறது. நாம் நாடாவைப் பையின் அடிவரை சுற்றிக் கொண்டுபோவோம். கட்டிலுக்குக் கயிறு சுற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரித்த துணியின் வெளிப்பக்கத்தில், இரு நீளமான ஓரங்களிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே தள்ளி, சாக்குக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். நாடாவின் நுனியைத் துணியின் நடுவில், அடிமடிப்பு வரும் இடத்தில், முதல் கோட்டின்மேல் வைத்துத் தையலைத் தொடங்குங்கள். வாய்வரை தைத்து, அங்கே 18 அங்குலம் கைப்பிடிக்காகத் தைக்காமல் விட்டு, இரண்டாவது கோட்டின்வழியே கீழே இறங்கி, அடியைத் தாண்டி மறுமுனைக்குப் போய், மறுபடியும் 18 அங்குலம் விட்டு, முதல் கோட்டின்வழியே தொடங்கிய இடத்துக்கே வந்து சேருங்கள். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக 3 அங்குலம் ஏறி நிற்கட்டும். ஆக மொத்தம் 103 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2 மீட்டர் 60 சென்டிமீட்டர் நாடா பிடிக்கும். நாடாவின் இரண்டு ஓரங்களிலும் தையல் ஓட வேண்டும். வாயோரத்தில் மட்டும் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள்.

நாடா விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பழைய நூல் சேலையின் கரை இருக்கிறது. சேலை நைந்துபோனாலும் கரை நைவதில்லை. 4 அங்குல அகலத்துக்கு வெட்டி, இரு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒன்றாக மடித்தால் 1 அங்குல நாடா, நாலு மடிப்பாக வந்துவிடும். கையில் வெட்டாது. பட்டுக்கரை, செயற்கை நூல் கரை வழுக்கும். நூல் கரையாக எடுங்கள்.

இனிப் பக்கங்கள். இதில் பலர் செய்கிற பிழை, ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்பிவிடுவது. உள்ளே நூல் பிரிந்து பிரிந்து ஆறு மாதத்தில் தையலை எட்டிவிடும். முதலில் பையின் வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படியே மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறை நறுக்கிவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அரை அங்குலத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் தையலுக்குள் அடங்கிவிடும். பை 14½ அங்குல அகலத்தில் நிற்கும். திருப்பிய நிலையிலேயே அடி மூலை இரண்டையும் முக்கோணமாகத் தட்டி, முனையிலிருந்து 2 அங்குலம் உள்ளே குறுக்காக ஒரு தையல் போடுங்கள். அடிப்பக்கம் 4 அங்குல அகலத்துக்கு விரிந்து, பை கீழே வைத்தால் சாயாமல் உட்காரும். தக்காளி நசுங்காமல் இருக்க இது பெரிய உதவி.

இயந்திரம் இல்லாத வீடுகள் உண்டு. கையால் தைக்கலாம், ஆனால் ஓட்டுத் தையல் போதாது. கெட்டித் தையலாக, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து முன்னால் எடுக்கும் தையலாகப் போடுங்கள். இரட்டை நூல், நூலில் மெழுகு தேய்த்தால் இன்னும் நல்லது. ஒரு பைக்கு இரண்டு மூன்று பிற்பகல் பிடிக்கும். ஜமுக்காளமாக இருந்தால் இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசி போட வேண்டும். மெல்லிய ஊசி மடிப்பில் ஒடியும்.

தைத்த பையை அப்படியே சந்தைக்கு எடுத்துப் போகாதீர்கள். 5 கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் தையல் எங்காவது வாய் பிளந்திருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

உரச்சாக்கில் பை தைக்கலாமா என்று சென்ற முறை ஓர் அம்மா கேட்டார். பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்குதான் அது. புல் கொண்டுவர, தேங்காய் மட்டை அள்ள, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். காய்கறிக்கும் அரிசிக்கும் வேண்டாம். வெயிலில் கிடந்து வெளுத்த சாக்கு பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூளும் நிலத்துக்குத்தான் போகும். பூச்சிமருந்து வந்த பையையோ பெட்டியையோ எதற்கும் தொடாதீர்கள்.

துணிப்பையால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மீனையும் கறியையும் அதில் போட முடியாது. அதற்குத் தூக்குப் பாத்திரம்தான். தயிருக்கும் அப்படியே. பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு என்று சின்னச் சின்னதாக வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பை சேருவதுதான் உண்மையான தொல்லை. பெரிய பைக்குள் போட, வேட்டித் துண்டில் ஒரு சாண் அளவுக்கு ஐந்தாறு சுருக்குப்பை தைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிமார் வெற்றிலை வைத்திருந்த பைதான். அளவு மட்டும் பெரிது.

பையை வெந்நீரில் போட்டுப் பாடுபடுத்த வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை சாதாரணமாகத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தானியம் ஒட்டியிருந்தால் எலி கடிக்கும். மஞ்சள் கரைத்துச் சாயம் ஏற்றுவோருக்கு ஒரு சொல்: மஞ்சள், சவுக்காரம் பட்டால் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். நிறத்துக்காகக் கவலைப்படுவோர் அதைத் தவிர்க்கலாம்.

இனி, விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையில் 1999இல் முதல் உழவர் சந்தை திறந்த நாள்முதல், நம்மில் பலர் தராசுக்கு இந்தப் பக்கமும் நிற்கிறோம். பை கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பது உங்கள் குறை. அது உண்மைதான். ஒருவர் மட்டும் நிறுத்தினால் நட்டம்; வரிசையில் இருக்கும் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் நிறுத்த வேண்டும். அன்றைக்குக் கையில் பத்துத் துணிப்பை இருக்கட்டும். விலை வாங்கிக்கொண்டு கொடுங்கள். பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோடாப் புட்டிக்கு முன்பு அப்படித்தானே செய்தோம்.

மகளிர் குழுக்கள் விற்பனைக்குத் தைப்பதானால், 36 அங்குல அகலக் காடாவில் மீட்டருக்கு இரண்டு பை வரும். நாடாச் செலவு தனி. துணி, நாடா, நூல் இவற்றோடு உங்கள் நேரத்துக்கும் கூலி போட்டு விலை வையுங்கள். கூலியைச் சேர்க்காமல் மலிவாகக் கொடுத்துவிட்டுப் பிறகு நூல் வாங்கக் காசில்லாமல் நின்றுபோன குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அம்மா தைத்த பை ஒன்று என் மேசைமேல் இருக்கிறது, பாருங்கள். ஜமுக்காளத் துண்டு. மாடு போன மறுவாரம் கையால் தைத்தது. கைப்பிடியை இரண்டுமுறை மாற்றியாகிவிட்டது. அடி இன்னும் பழையதுதான். வேண்டியவர்கள் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அளவு நாடாவும் கத்தரிக்கோலும் அந்தப் பக்கம் இருக்கின்றன. பழைய துணி கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். வெட்டுவதற்கு முன் பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம்.